கேபின் கேமராவுக்கு அப்பாவின் கோபம் தெரியுமா?

தம்பி ஒருவர் எனக்கு எழுதிக் கேட்டது இது. அவருடைய அப்பா பதினெட்டு வருடமாக ட்ரைலர் ஓட்டுகிறார். எண்ணூர் துறைமுகத்துக்கும் மாதவரம் யார்டுக்கும் இடையில் கன்டெய்னர் பெட்டி அடிக்கிற வேலை. மூன்று மாதம் முன்னால் முதலாளி எல்லா வண்டியிலும் ஸ்டியரிங்குக்கு எதிரே ஒரு கேமரா பொருத்தியிருக்கிறார். கண் எப்படி அசைகிறது, கண்மணி எவ்வளவு விரிகிறது என்று பார்த்தே தூக்கம், கோபம், பதற்றம் எல்லாவற்றையும் அது சொல்லிவிடும் என்பது விற்றவர்கள் பேச்சு. போன மாதம் அப்பா பேரில் மூன்று முறை 'பதற்றம்' என்று ரிப்போர்ட் வந்து, மூன்று நாள் பேட்டாவைப் பிடித்துவிட்டார்கள். "கண்ண வெச்சு மனசுல இருக்கிறத நெஜமாவே கண்டுபிடிக்க முடியுமா மேடம், இல்ல சும்மா சொல்றாங்களா?"

நான் தண்டையார்பேட்டையில் இருபத்திரண்டு வருடமாகக் கண் பரிசோதனை செய்கிறவள். மணலியிலும் திருவொற்றியூரிலும் லாரி டிரைவர்களுக்கு முகாம் போடும்போது நாள் முழுக்க டார்ச் அடித்துக் கண்மணிகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் இந்தக் கேள்வியை அரைகுறையாக விட மனம் வரவில்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூக்கக் கலக்கத்தைக் கேமரா கண்டுபிடிக்கும், அதைப் பெரும்பாலும் நம்பலாம். மனம் எவ்வளவு கிளர்ந்திருக்கிறது என்பதை, வெளிச்சம் மாறாத ஓர் அறையில் உட்காரவைத்து அளந்தால், கண்மணி காட்டும். அந்தக் கிளர்ச்சி கோபமா, பயமா, சந்தோஷமா, வெறும் கணக்குப் போடுகிற உழைப்பா என்பதைக் கண்மணி சொல்லாது. ஓடுகிற கேபினில் அந்தக் கிளர்ச்சியைக்கூட நம்பகமாக அளக்க முடியாது. உங்கள் அப்பாவுக்கு வந்த ரிப்போர்ட் இந்தக் கடைசி வகையில் சேரும்.

ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். கண்மணி என்பது கருவிழியின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்; பாடப்புத்தகத்தில் பாவை என்பார்களே, அது உண்மையில் ஓர் ஓட்டைதான். அதைச் சுற்றி இரண்டு தசைகள். ஒன்று சுருக்குப் பையின் கயிறு மாதிரி வட்டமாக ஓடுகிறது; இறுகினால் ஓட்டை சிறுக்கும். இன்னொன்று சைக்கிள் சக்கரத்தின் போக்ஸ் கம்பி மாதிரி நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகிறது; இழுத்தால் ஓட்டை விரியும். முதல் தசையை உடம்பை நிதானப்படுத்தும் எதிர்ப்பரிவு நரம்பு ஆள்கிறது, முக்கியமாக வெளிச்சத்துக்காக. இரண்டாவதை ஆள்வது பரிவு நரம்பு. பயந்தால் நெஞ்சு படபடக்க வைப்பதும் உள்ளங்கை வியர்க்க வைப்பதும் இதே நரம்பு மண்டலம்தான். அதன் வழி மிக நீளமானது: மூளையிலிருந்து முதுகுத்தண்டில் இறங்கி, நெஞ்சின் மேல்பகுதியில் வெளியே வந்து, நுரையீரலின் உச்சியை உரசி, கழுத்து ரத்தக்குழாயோடு ஏறிக் கண்ணுக்குப் போகிறது. அதனால்தான் ஒரு பக்கக் கண்மணி மட்டும் சிறுத்து, அந்தப் பக்க இமையும் லேசாக இறங்கியிருந்தால் நாங்கள் கண்ணோடு நிற்காமல் நெஞ்சுப் படமும் எடுக்கச் சொல்கிறோம். நுரையீரல் உச்சியில் கட்டி இருந்தால் அங்கே அந்த நரம்பு நசுங்கியிருக்கலாம்.

மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்றொரு சின்ன நரம்புக் கொத்து உண்டு. லத்தீனில் 'நீல இடம்' என்று பொருள். மூளை முழுக்க நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை அனுப்பி நம்மை விழிப்பாக வைப்பது அதுதான். அது சுறுசுறுப்பாகும்போது கண்மணியும் விரிகிறது. ஆகவே கண்மணிக்கும் மனத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்பது பொய்யில்லை. விற்றவர்கள் ஒரு உண்மையிலிருந்துதான் தொடங்கியிருக்கிறார்கள்.

இந்தத் துறையில் முதலில் பேர் வாங்கியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எக்கார்ட் ஹெஸ். 1960-இல் அவரும் ஜேம்ஸ் போல்ட்டும் ஆறே ஆறு பேருக்குப் படங்கள் காட்டி, கண்ணை ஃபிலிம் கேமராவில் பிடித்துக் கண்மணியை அளந்தார்கள். குழந்தை படத்துக்குப் பெண்களின் கண்மணி நன்றாக விரிந்தது. பிடித்ததைப் பார்த்தால் விரியும், பிடிக்காததைப் பார்த்தால் சுருங்கும் என்று ஹெஸ் பின்னால் வாதாடினார். விளம்பரக் கம்பெனிகளுக்கு அது தேனாக இனித்தது. மற்றவர்கள் செய்து பார்த்தபோது 'பிடிக்காவிட்டால் சுருங்கும்' என்ற பாதி நிலைக்கவில்லை. படத்தின் வெளிச்சமே கண்மணியைச் சுருக்கியிருக்கலாம் என்ற சந்தேகம் கடைசிவரை தீரவில்லை.

2003-இல் பின்லாந்தில் டிமோ பார்ட்டலாவும் வெய்க்கோ சுரக்காவும் படத்தை விட்டுவிட்டு ஒலியை எடுத்துக்கொண்டார்கள். ஒலியில் வெளிச்சப் பிரச்சினை கிடையாது. இன்பமான ஒலி, துன்பமான ஒலி இரண்டுக்குமே கண்மணி விரிந்தது. சாதாரண ஒலிக்கு அவ்வளவு இல்லை. 2008-இல் ஃபுளோரிடாவில் மார்கரெட் பிராட்லி குழு படங்களை வைத்து, உள்ளங்கை வியர்வையையும் சேர்த்து அளந்து அதையே உறுதிப்படுத்தியது. மனம் எந்தப் பக்கம் துள்ளினாலும் கண்மணி விரியும். எவ்வளவு துள்ளியது என்று ஓரளவு சொல்லும், எந்தப் பக்கம் என்று சொல்லாது. காசிமேட்டில் வலை நிறைய மீனோடு படகு திரும்புகிறபோதும், படகே திரும்பாதபோதும், கரையில் நிற்கிறவளின் கண்மணி ஒரே மாதிரி விரிந்திருக்கும்.

இதைவிடச் சங்கடமான ஒன்று உண்டு. 1966-இல் டேனியல் கானமனும் ஜாக்சன் பீட்டியும் உணர்ச்சியே இல்லாத ஒரு வேலையைக் கொடுத்தார்கள்: எண்களைக் கேட்டு, மனத்தில் வைத்திருந்து, திருப்பிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு எண்ணாக ஏற ஏறக் கண்மணி விரிந்தது. திருப்பிச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எண்ணாகச் சுருங்கியது. இதே கானமன்தான் பின்னால் 2002-இல் பொருளாதார நோபல் வாங்கியவர். என் மேஜையிலும் இதைத் தினமும் பார்க்கிறேன். கடைசி வரி எழுத்தைப் படிக்க முக்குகிற பெரியவருக்கு, "தெரியல"ன்னு விட்டுவிடுகிற நொடிவரை கண்மணி விரிந்தே இருக்கும். அவருக்குக் கோபமும் இல்லை, பயமும் இல்லை. உழைக்கிறார், அவ்வளவுதான்.

நாற்பதடி ட்ரைலரைத் துறைமுக வாசல் நெரிசலில் ரிவர்ஸ் எடுப்பது எவ்வளவு மனக்கணக்கு என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள். அந்த நேரத்தில் அவர் கண்மணி விரியாமல் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

இப்போது கேபினுக்கு வருவோம். வெளிச்சத்தை மட்டும் வைத்து ஒருவரின் கண்மணி இரண்டு மில்லிமீட்டரிலிருந்து ஏழு, எட்டு மில்லிமீட்டர்வரை மாறலாம். உணர்ச்சியோ யோசனையோ கொண்டுவரும் மாற்றம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதனால் ஆய்வுக்கூடத்தில் தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்கிறார்கள், அறை வெளிச்சத்தை நிலையாக வைக்கிறார்கள், படங்களின் பிரகாசத்தைச் சமன்படுத்துகிறார்கள், படம் வருவதற்கு முந்தைய கணத்தில் கண்மணி எவ்வளவு இருந்தது என்று அளந்து கழிக்கிறார்கள். ராத்திரி எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் இது எதுவும் நடக்காது. எதிர்லாரி ஹைபீம் அடித்தால் கண்மணி கால் விநாடிக்குள் சுருங்க ஆரம்பிக்கும். லாரி கடந்ததும் மெதுவாக விரியும். யார்டு வாசலில் ஃபிளட்லைட், அதைத் தாண்டினால் கும்மிருட்டு. அந்த விரிதலையும் சுருங்கலையும் கழித்துவிட்டு, அடியில் இருக்கும் கால் மில்லிமீட்டர் கோபத்தை எடுப்பது எப்படி?

கேமராவின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். குறுக்கே 1280 புள்ளிகள் கொண்ட ஒரு கேமரா, டிரைவர் முகம் இருக்கும் தூரத்தில் அறுபது சென்டிமீட்டர் அகலத்தைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு புள்ளிதான் கிடைக்கும். கண்மணி 0.3 மில்லிமீட்டர் விரிந்தால் அது ஒரு புள்ளியைக்கூட நிரப்பாது. இதற்கு மேல் வண்டி குலுங்குகிறது. அவர் பக்கக் கண்ணாடியைப் பார்க்கத் திரும்பினால் வட்டமான கண்மணி கேமராவுக்கு நீள்வட்டமாகத் தெரியும். கணக்கு போடும் மென்பொருள் அதையே 'சுருங்கிவிட்டது' என்று எழுதிக்கொள்ளும்.

நம் கண்ணின் நிறத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. நமக்குக் கருவிழியும் கரும்பழுப்பு, கண்மணியும் கறுப்பு. சாதாரண வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இரண்டுக்கும் எல்லையே தெரியாது. அகச்சிவப்பு விளக்கு போட்டால் கதை வேறு. நிறமி அந்த ஒளியை அவ்வளவாக உறிஞ்சாததால் கருவிழி வெளுத்துத் தெரியும், கண்மணி தனியாகப் பிரியும். ஆதார் எடுக்கும்போது பைனாகுலர் மாதிரி ஒன்றைக் கண்ணருகே பிடிக்கச் சொன்னார்களே, அது வேலை செய்வது இப்படித்தான். ஆகவே போன் கேமராவில் கண்மணி அளந்து மனநிலை சொல்கிறோம் என்று யாராவது வந்தால், நம் ஊர்க் கண்களுக்கு அது செல்லாது என்று தயங்காமல் சொல்லலாம். கேபின் கேமராக்கள் பெரும்பாலும் அகச்சிவப்பில் இயங்குகின்றன. அந்த ஒரு விஷயத்தில் அவை தேவலை.

கண் அசைவுக்கு வருகிறேன். நகரும் பொருளைத் தொடர்கிற நேரம் தவிர, நம் கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவுகிறது. விநாடிக்கு மூன்று நான்கு முறை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவி, கால் விநாடி போல நின்று, மறுபடி தாவுகிறது. ரஷ்ய ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ், எதிர்பாராமல் வீட்டுக்கு வந்து நிற்கும் ஒருவரைக் காட்டும் ஓவியத்தை ஒரே ஆளிடம் காட்டி வெவ்வேறு கேள்விகள் கேட்டார். இவர்களுக்கு என்ன வயது, இந்தக் குடும்பம் வசதியானதா, வந்தவர் எவ்வளவு காலம் வெளியில் இருந்தார் என்று. கேள்வி மாறினால் கண் ஓடிய பாதையும் மாறியது. பார்வையை முதலில் இழுப்பது செய்கிற வேலை. உணர்ச்சியும் இழுக்கும், அது உண்மை: பதற்ற நோய் உள்ளவர்களின் கண் மிரட்டும் முகத்துக்கு முதலில் ஓடும் போக்கும், மனச்சோர்வு உள்ளவர்களின் கண் சோகமான படத்தில் அதிக நேரம் தங்கி மகிழ்ச்சியான படத்தைச் சீக்கிரம் விட்டுவிடும் போக்கும் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது தெரியவந்திருக்கிறது. ஆனால் இவை ஐம்பது பேரை அந்தப் பக்கமும் ஐம்பது பேரை இந்தப் பக்கமும் நிறுத்திச் சராசரி எடுத்தால் தெரிகிற வித்தியாசங்கள். தனி ஒரு மனிதரைக் காட்டி 'இவர் பதற்றக்காரர்' என்று முத்திரை குத்த அது போதாது.

இப்போது அப்பாவின் மூன்று ரிப்போர்ட்டை நினைத்துப் பாருங்கள். இடது கண்ணாடி, வலது கண்ணாடி, முன்னால் குறுக்கே புகுந்த பைக், மறுபடி இடது கண்ணாடி. பதற்றமானவரின் கண்ணும் அப்படித்தான் ஓடும், பதினெட்டு வருட அனுபவம் உள்ள எச்சரிக்கையான டிரைவரின் கண்ணும் அப்படித்தான் ஓடும். அப்பா வண்டியில் இருக்கிற மென்பொருளின் உள்ளே நான் எட்டிப் பார்க்கவில்லை. கண்மணிக் கணக்கு அங்கே எடுபடாது என்பதை மேலே பார்த்தோம். மிஞ்சுவது கண்ணின் ஓட்டமும் தலையின் அசைவும் முகச் சுளிப்பும்தான். அப்படியானால் கவனமாக ஓட்டியதற்கே அவருக்கு அபராதம் விழுந்திருக்கலாம். இதை எழுதும்போதே எனக்கு மனம் பொறுக்கவில்லை.

கண்ணை வைத்து உணர்ச்சியை வகைப்படுத்தும் ஆய்வுகள் நடக்கவே இல்லையா என்றால், நடக்கின்றன, நேர்மையாகவே. ஷாங்காய் ஜியாவ் டோங் பல்கலைக்கழகக் குழு 2015-இல் வெளியிட்டதைச் சொல்கிறேன். ஆட்களுக்குத் திரைப்படத் துண்டுகள் போட்டுக் காட்டி, கண்மணி, தாவல், நிலைப்பு, இமைப்பு எல்லாவற்றையும் சேர்த்து, மகிழ்ச்சி, துயரம், இரண்டும் இல்லாத நிலை என்று மூன்றாகப் பிரிக்கப் பார்த்தார்கள். கண்ணை மட்டும் வைத்து நூற்றுக்கு 78 அளவில் சரியாக வந்தது. தலையில் மின்முனை மாட்டி மூளை அலையையும் சேர்த்தபோது 87-ஐத் தாண்டியது. நல்ல வேலைதான். ஆனாலும் எல்லோரும் ஒரே படத்தை அமைதியான அறையில் பார்த்தார்கள், விடை மூன்றே மூன்று. அங்கேயே ஐந்துக்கு ஒன்று போலத் தவறும் கருவியை ரோட்டில் வைத்துச் சம்பளம் பிடிக்க முடியுமா?

தூக்கம் மட்டும் ஏன் வேறு? அதை அளக்கக் கண்மணியின் கால் மில்லிமீட்டர் தேவையில்லை, இமை போதும். 1994-இல் அமெரிக்காவில் வால்டர் வியர்வில் குழு ஓர் அளவை உருவாக்கியது, பெர்க்ளோஸ் என்பார்கள். ஒரு நிமிடமோ மூன்று நிமிடமோ எடுத்துக்கொண்டு, அதில் எவ்வளவு நேரம் இமை கண்மணியை எண்பது சதவீதத்துக்கு மேல் மூடியிருந்தது என்று பார்ப்பது. சாதாரண இமைப்பு ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும். தூக்கம் வந்தால் இமை மெதுவாக இறங்கி, அரை விநாடிக்கும் மேலாகக் கீழேயே தங்கும். அது சாதாரணக் கேமராவுக்கே தெரிகிற பெரிய அசைவு. யார்டில் ஆறு மணி நேரம் காத்துக் கிடந்துவிட்டு விடிகாலை நாலு மணிக்குப் பெட்டியோடு கிளம்புகிற டிரைவருக்கு அந்த பீப் சத்தம் உயிர்காப்பான். கேமராவைக் கழற்றச் சொல்லி அப்பா சண்டை போட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

அதிலும் நம் பகுதிக்கு ஒரு திருத்தம் உண்டு. மணலி, எண்ணூர்ப் பக்கம் புகையிலும் நிலக்கரித் தூசியிலும் கண் எரிந்தால் யாரும் கண்ணை இடுக்கிக்கொண்டு, அடிக்கடி இமைத்துத்தான் ஓட்டுவார்கள். 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்த இரவில் அந்த வழியே போன எந்த டிரைவரையும் கேமரா தூங்குமூஞ்சி என்றுதான் எழுதியிருக்கும். அப்படிப்பட்ட எச்சரிக்கை வந்தால் அதற்கான வீடியோ துண்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதுதான் நியாயம்.

கண்மணியை அளப்பது வீண் வேலை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தத் துறையில் என்னை அழவைத்த ஆய்வு ஒன்று இருக்கிறது. 2013-இல் ஜெர்மனியைச் சேர்ந்த வோல்ஃப்காங் ஐன்ஹாய்சர் குழு, உடல் முழுக்கச் செயலிழந்து பேச முடியாமல் கிடக்கும் நோயாளிகளோடு கண்மணி வழியே பேசப் பார்த்தது. ஒரு கேள்வி கேட்பார்கள். பிறகு 'ஆம்', 'இல்லை' என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றோடும் ஒரு பெருக்கல் கணக்கு வரும். தனக்கு வேண்டிய பதில் வரும்போது மட்டும் நோயாளி கணக்கைப் போட வேண்டும். கணக்குப் போட்டால் கண்மணி விரியும், பதில் தெரிந்துவிடும். நோயாளிகளில் சிலருக்கு இது பலித்தது. பக்கவாதத்தில் விழுந்து, உள்ளே முழு நினைவோடு கிடக்கும் ஒருவருக்கு ஒரே ஒரு 'ஆம்' சொல்லக் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்! அங்கே அந்த ஆள் தானே சம்மதித்து, தானே முயன்று சொல்கிறார். அவர் மனத்தை யாரும் திருட்டுத்தனமாக எட்டிப் பார்க்கவில்லை. கேபினில் நடப்பது அதற்கு நேர் எதிர்.

கூடவே பரவிக் கிடக்கும் ஒரு பேச்சையும் துடைத்துவிடுகிறேன். வலது மேல்பக்கம் பார்த்தால் பொய், இடது மேல்பக்கம் பார்த்தால் உண்மை என்று வாட்ஸாப்பில் வருகிறதே, 2012-இல் ரிச்சர்ட் வைஸ்மன் குழு அதைச் சோதித்து ஆதாரம் இல்லை என்று காட்டிவிட்டது.

சட்டப் பக்கம் இரண்டு விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டப்படி, வேலை செய்கிற இடத்தில் ஒருவரின் முகம், கண் போன்றவற்றை வைத்து உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகளுக்கு 2025 பிப்ரவரி 2 முதல் தடை. மருத்துவமும் பாதுகாப்பும் மட்டும் விலக்கு. களைப்பை அந்தச் சட்டம் உணர்ச்சியாகவே எடுத்துக்கொள்வதில்லை. டிரைவரின் களைப்பைக் கண்டறிவது அங்கே தடையில் வராது. நான் மேலே பிரித்த அதே கோட்டை அவர்களும் போட்டிருக்கிறார்கள். நம் நாட்டில் 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதமில்லாமல் பொய் கண்டறியும் சோதனை செய்யக் கூடாது என்றது. அது குற்ற விசாரணைக்கான தீர்ப்பு, கேபின் கேமராவுக்கு நேராகப் பொருந்தாது. ஆனாலும் முதலாளியிடம் பேசும்போது சொல்லத் தகுந்தது.

பேசுவது எப்படி? கோபமாகப் போக வேண்டாம். மூன்று ரிப்போர்ட்டுக்கும் தேதி, நேரம், இடம், வீடியோ துண்டு நான்கையும் எழுத்தில் கேளுங்கள். அந்த நேரத்தில் வண்டி ரிவர்ஸில் இருந்ததா, எதிர்வெளிச்சம் இருந்ததா என்று அப்பாவோடு உட்கார்ந்து பாருங்கள். 'பதற்றம்' என்பதை எதை அளந்து சொல்கிறீர்கள், கண்மணியா, பார்வை ஓட்டமா, முகமா என்று விற்றவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். தூக்க எச்சரிக்கை இருக்கட்டும், உணர்ச்சி ரிப்போர்ட்டை அணைத்துவிடுங்கள், பிடித்த பேட்டாவைக் கொடுங்கள் என்பது நியாயமான கோரிக்கை. மற்ற டிரைவர் அண்ணன்களும் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. நாள்பட்ட சர்க்கரையில் கண்மணியை விரிக்கும் நரம்பு தளர்ந்து, கண்மணி சிறுத்து, மந்தமாகிவிடும். வயதும் அதைச் சிறுக்கச் செய்யும். இருட்டில் கண்மணி சரியாக விரியாத டிரைவருக்கு ராத்திரி ரோடு இன்னும் இருட்டாகத் தெரியும். வெயிலிலும் தூசியிலும் இருப்பவர்களுக்குக் கருவிழி மேல் சதை வளரலாம். பார்வை எங்கே என்று கணக்கிடக் கேமரா கண்ணின் மேல் தேடும் விளக்கொளிப் புள்ளி அந்தச் சதையில் பட்டால் கலைந்துபோகும். இதையெல்லாம்விட முக்கியம் விழித்திரை. வருடத்துக்கு ஒரு முறை கண்மணியை விரிய வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

அங்கே சொட்டு மருந்து போட்டால் கண்மணி நாலு முதல் ஆறு மணி நேரம் விரிந்தே இருக்கும், கிட்டத்தில் மங்கும், வெயில் கூசும். அன்றைக்கு முழுக்க வண்டி எடுக்க வேண்டாம். ஏன் வண்டி எடுக்கவில்லை என்று முதலாளி கேட்டால் காட்ட, சொட்டு போட்டதாகத் தேதியோடு ஒரு சீட்டு எழுதி வாங்கி, முந்தைய மூன்று ரிப்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள்.